நீலம் படிந்த கைகள்: வில்லியம் மொரிஸின் வாழ்வு

லண்டனில் இருக்கும் உறவினர் வீடுகளுக்குப் போய்வந்தவர்கள் அந்தத் துணியை எங்காவது பார்த்திருப்பார்கள். கருநீலப் பின்னணி. அதில் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும் புள்ளிமார்புக் குருவிகள். சிலவற்றின் அலகில் ஒரு ஸ்ரோபெரிப் பழம். சுற்றிவர இடைவெளியே இல்லாமல் இலையும் பூவும் கொடியும். யன்னல் சீலையாக, மெத்தை உறையாக, தேநீர்க் கோப்பையில், கைப்பையில் என்று அது எல்லா இடத்திலும் இருக்கிறது. 'ஸ்ரோபெரித் திருடன்' என்பது அதன் பெயர். அதை வரைந்தவர் வில்லியம் மொரிஸ். அவர் இறந்து 125 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன.

வீட்டு அலங்காரத் துணி வரைந்த ஓர் ஆங்கிலேயரைப் பற்றி எங்களுக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். நானும் அவரை முதலில் ஒரு பணக்கார அலங்காரக்காரராகவே எண்ணியிருந்தேன். வாழ்க்கையைத் தேடி வாசித்தபோது வேறொரு மனிதர் தெரிந்தார். சாயத் தொட்டிக்குள் முழங்கைவரை கைவிட்டவர். தன் நாட்டு அரசு ஒரு படுகொலையைக் கண்டும் காணாமல் இருந்ததைப் பார்த்து அரசியலுக்கு வந்தவர். அழகான பொருட்களைச் செய்து பணக்காரருக்கு விற்றபடியே, அழகு ஏன் எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தவர். வீடிழந்தவர்களுக்கும் அந்தக் கேள்வியில் பங்கு இருக்கிறது.

மொரிஸ் 1834 மார்ச் 24இல் லண்டனுக்கு அருகே வோல்தம்ஸ்ரோ என்ற ஊரில் பிறந்தார். தந்தை லண்டன் நிதிச் சந்தையில் தரகர். டெவன் மாவட்டத்தில் ஒரு செப்புச் சுரங்கத்தில் அவர் வாங்கிய பங்குகள் குடும்பத்தைப் பெருஞ்செல்வத்தில் கொண்டுபோய் விட்டன. சிறுவன் மொரிஸ் எப்பிங் காட்டோரத்தில் பெரிய மாளிகையில் வளர்ந்தார். குதிரையேறிக் காட்டுக்குள் அலைந்து மரங்களையும் கொடிகளையும் பறவைகளையும் பார்த்துப் பழகினார். 1847இல் தந்தை இறந்தார். 21 வயதில் மொரிஸின் கைக்கு ஆண்டுக்குச் சுமார் 900 பவுண் வருமானம் வந்தது. ஒரு தொழிலாளி பல ஆண்டுகள் உழைத்தும் காணாத தொகை அது.

1853இல் ஒக்ஸ்போர்ட் எக்ஸ்ரர் கல்லூரிக்குப் பாதிரியாராகும் எண்ணத்தோடு போனார். அங்கே எட்வேர்ட் பேர்ன்-ஜோன்ஸ் என்ற நண்பர் கிடைத்தார். இருவரும் தேவாலயப் பணியை விட்டுக் கலைக்குத் திரும்பினார்கள். மொரிஸ் கொஞ்சக் காலம் ஒரு கட்டடக் கலைஞரிடம் பயின்றார். அங்கே பிலிப் வெப் அறிமுகமானார். பிறகு ஓவியம் தீட்டிப் பார்த்தார். 1859இல் ஜேன் பேர்டனை மணந்தார். ஜேன் ஒரு குதிரைலாயத் தொழிலாளியின் மகள். அந்தக் காலத்து ஆங்கில வர்க்க ஒழுங்கில் இது சாதாரணமாக நடக்கும் கலியாணம் அல்ல.

புதுத் தம்பதிக்காக வெப் கட்டிய வீடுதான் பெக்ஸ்லிஹீத்தில் இன்றும் நிற்கும் 'செவ்வீடு'. வீடு முடிந்தது, ஆனால் உள்ளே போட ஒன்றும் பிடிக்கவில்லை. ஆலைகள் அடித்துத்தள்ளிய துணிகளும் கதிரைகளும் சுவர்க்கடதாசிகளும் மொரிஸின் கண்ணுக்கு அவலட்சணமாகத் தெரிந்தன. ஆகவே தாங்களே செய்வதென்று முடிவெடுத்தார்கள். நண்பர்கள் வார இறுதிகளில் வந்து சுவரிலும் கூரையிலும் வரைந்தார்கள். மொரிஸ் பழைய எம்பிரொய்டரித் துணிகளின் தையலைப் பிரித்துப் பார்த்து, ஊசி எப்படிப் போய் வந்திருக்கிறது என்று கற்றுக்கொண்டு மனைவிக்கும் சொல்லிக்கொடுத்தார். ஜேன் ஒரு கடையில் கண்டெடுத்த மலிவான நீலக் கம்பளித் துணியில் டெய்சிப் பூக்களைத் தைத்துப் படுக்கையறைச் சுவரில் தொங்கவிட்டார்கள். விலைகூடிய பட்டில் தொடங்காமல், ஒருவரும் திரும்பிப் பாராத துணியில் தொடங்கியது அந்தக் கலை.

அந்த வீட்டு வேலையிலிருந்து 1861இல் ஒரு நிறுவனம் பிறந்தது. ஏழு பங்காளிகள்: மொரிஸ், பேர்ன்-ஜோன்ஸ், வெப், கவிஞரும் ஓவியருமான ரொசெற்றி, மடொக்ஸ் பிரவுண், போக்னர், மார்ஷல். நிறக்கண்ணாடி, தளபாடம், எம்பிரொய்டரி, ஓடு, சுவர்க்கடதாசி என்று எல்லாம் செய்தார்கள். 1860களின் நடுவிலேயே லண்டன் சென் ஜேம்ஸ் அரண்மனையின் அறைகளை அலங்கரிக்கும் வேலையும், இன்று விக்ரோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகம் எனப்படும் இடத்தின் பச்சை உணவறையும் கிடைத்தன. 1875இல் மொரிஸ் நிறுவனத்தைத் தன் கைக்கு எடுத்து 'மொரிஸ் அன்ட் கோ' என்று மாற்றினார். பழைய நண்பர்கள் சிலரோடு அது மனக்கசப்பில் முடிந்தது.

வீட்டுக்குள்ளும் அமைதி இருக்கவில்லை. ஜேனுக்கும் ரொசெற்றிக்கும் இடையே உறவு வளர்ந்தது. 1871இல் கெல்ம்ஸ்கொட் என்ற கிராமத்தில் பழைய வீடொன்றை ரொசெற்றியோடு சேர்ந்தே குத்தகைக்கு எடுத்துவிட்டு, மொரிஸ் ஐஸ்லாந்துக்குக் கப்பலேறினார். 1873இல் மறுபடியும் போனார். எரிமலைச் சாம்பலும் கல்லுமான அந்த வறிய நாட்டில், ஏழ்மையிலும் மனிதர்கள் ஒருவருக்கொருவர் சமமாக வாழ முடியும் என்று கண்டதாக அவர் பின்னாளில் எண்ணினார். 1876இல் மூத்த மகள் ஜெனிக்கு வலிப்பு நோய் தொடங்கியது. அந்தத் துயரம் அவரை இறுதிவரை விடவில்லை. தன் துயரங்களைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. வேலை செய்தார்.

அந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி சாயம். 1856இல் பேர்க்கின் என்ற இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார். அதன்பின் செயற்கைச் சாயங்கள் பெருகி, இலைகளிலும் வேர்களிலுமிருந்து சாயமெடுக்கும் பழைய தொழில் ஐரோப்பாவில் மெல்லச் செத்துக்கொண்டிருந்தது. புதிய சாயங்கள் பல கண்ணைக் குத்தும் நிறம். வெயிலில் விகாரமாக வெளுக்கும். மொரிஸ் பழைய மூலிகை நூல்களைத் தேடிப் படித்தார். 1875இலிருந்து லீக் என்ற ஊரில் தோமஸ் வார்டில் என்பவரின் சாயப்பட்டறைக்குப் போய் வாரக்கணக்கில் நின்று, தொழிலாளரோடு தானும் தொட்டியில் இறங்கினார். அவுரியிலிருந்து நீலம், மஞ்சிட்டி இன வேரிலிருந்து சிவப்பு, வெல்ட் என்ற செடியிலிருந்து மஞ்சள், வால்நட் வேரிலும் தோட்டிலுமிருந்து கபிலம். ஊருக்குத் திரும்பும்போது அவருடைய கைகள் நீலமாக இருக்கும். கழுவினாலும் போகாது.

அவுரி ஒரு விசித்திரமான சாயம். நீலமாக இருக்கும்வரை அது தண்ணீரில் கரையாது. தொட்டியில் புளிக்கவைத்தோ வேறு வழியிலோ அதன் ஒட்சிசனை நீக்கினால்தான் கரைந்து துணியில் ஏறும். தொட்டிக்குள்ளிருந்து எடுக்கும்போது துணி மஞ்சட்பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண் முன்னாலேயே நீலமாக மாறும். மொரிஸ் விரும்பிய முறை இன்னும் கடினம். துணி முழுவதையும் முதலில் நீலத்தில் தோய்க்க வேண்டும். பிறகு வெளிறச்செய்யும் மருந்தை மர அச்சால் ஒற்றி, வேண்டிய இடங்களில் நீலத்தை எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் சிவப்பு, அதன்பின் மஞ்சள். நீலத்தின் மேல் மஞ்சள் விழும் இடம் பச்சையாகும். ஒவ்வொரு படிக்கும் இடையில் கழுவுதல், காயவிடுதல். லீக்கில் பல ஆண்டுகள் முயன்றும் இது சரிவரவில்லை.

1881இல் லண்டனுக்குத் தெற்கே மேற்றன் அபி என்ற இடத்தில், வான்டில் ஆற்றங்கரையில் ஏறத்தாழ 7 ஏக்கரில் பட்டறை அமைத்த பிறகே கைகூடியது. ஆற்றுநீர் சாயம் அலசுவதற்கு உகந்ததாக இருந்தது. 1883இல் அங்கே அச்சானதுதான் 'ஸ்ரோபெரித் திருடன்'. கெல்ம்ஸ்கொட் தோட்டத்தில் வலைக்குக் கீழே புகுந்து பழம் திருடிய குருவிகளைப் பார்த்து வரைந்தது அது. தோட்டக்காரர் விரட்டப் பார்த்தார், மொரிஸ் விடவில்லை என்று சொல்வார்கள். ஒரு தொகுதியை அச்சிட்டு முடிக்கப் பல நாட்கள் பிடித்தன. ஆகவே விலையும் அதிகம். ஆனாலும் விற்றது. வான்டில், எவன்லோட், வின்ட்ரஷ், கெனற் என்று ஆறுகளின் பெயரிலேயே ஒரு வரிசைத் துணிகளை வெளியிட்டார். அவற்றில் 'கிரே' என்ற ஒன்றுக்கு மாத்திரம் 34 மர அச்சுகள் வேண்டியிருந்தன.

எதையும் தானே செய்து பார்க்காமல் மற்றவரிடம் கொடுக்க அவருக்கு மனம் வராது. திரைச்சித்திர நெசவு கற்பதற்காக 1879இல் தன் படுக்கையறையிலேயே தறியை நட்டார். விடியற்காலையில் எழுந்து நெய்து, முதல் துணியை முடிக்க 516 மணித்தியாலம் எடுத்ததாகக் குறித்து வைத்தார்.

இந்த இடத்தில் சாயத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன அவுரியில் பெரும்பங்கு வங்காளத்திலும் பீகாரிலும் விளைந்தது. நெல் விளையும் நிலத்தில் அவுரி போடும்படி வெள்ளைத் தோட்டக்காரர் நெருக்கியதை எதிர்த்து 1859இல் வங்காள விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அதற்கு முன்பே இங்கிலாந்து தன் நெசவைக் காப்பாற்ற 1721இல் இந்தியப் பூத்துணிகளுக்குச் சட்டம் போட்டுத் தடை விதித்திருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து போன அந்தத் துணிகளின் சிவப்பு எங்களுக்கும் அந்நியமானதல்ல. மன்னார், யாழ்ப்பாண மணல்நிலங்களில் தோண்டிய சாயவேரில் இருந்ததும் மொரிஸ் வேரிலிருந்து எடுத்ததும் அடிப்படையில் ஒரே சாயப்பொருள். ஒல்லாந்தர் காலத்தில் சாயவேர் அரசுக்கு வருமானம் தரும் பொருளாக இருந்தது. இன்று அந்தச் சொல்லே எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. இந்தியக் கைவினைகளை ஆங்கில ஆட்சியும் வணிகமும் அழித்துக்கொண்டிருக்கின்றன என்று மொரிஸ் 1879இலேயே மேடையில் சொன்னார். அதை வெளிப்படையாகச் சொன்ன ஆங்கிலேயர் அன்று அதிகம் பேர் இல்லை.

ஆனால் அவர் குறையில்லாத மனிதர் அல்லர். குடும்பச் செல்வம் வந்த அந்தச் சுரங்கம் பின்னாளில் உலகத்துக்கு ஆர்செனிக் நஞ்சை விற்ற பெரிய சுரங்கங்களில் ஒன்றானது. மொரிஸ் 1871 முதல் 1875 வரை அதன் இயக்குநர்களில் ஒருவர். அந்நாளில் சுவர்க்கடதாசியின் பச்சை நிறத்துக்கு ஆர்செனிக் கலந்த சாயம் பயன்பட்டது. அவருடைய ஆரம்பகாலக் கடதாசி ஒன்றின் மாதிரியை 2003இல் சோதித்தபோது அதிலும் ஆர்செனிக் இருந்தது தெரியவந்தது. பச்சைக் கடதாசியால் மக்கள் நோயுறுகிறார்கள் என்ற பேச்சை அவர் 1885இல்கூட வீண்பயம் என்று தள்ளினார். பிறருடைய உழைப்பைப் பற்றி அவ்வளவு பேசியவர், தன் சொந்தப் பணம் எந்தக் குழியிலிருந்து வந்தது என்பதைப் பற்றி நெடுங்காலம் பேசவில்லை.

அவரை அரசியலுக்கு இழுத்தது 1876. ஒட்டோமன் பேரரசின் படைகள் பல்கேரியாவில் எழுச்சியை அடக்கும்போது ஆயிரக்கணக்கான பொதுமக்களைக் கொன்றன. ஊர்கள் எரிந்த செய்தி லண்டன் பத்திரிகைகளுக்கு வந்தது. ஆனால் ரஷ்யாவைத் தடுப்பதற்குத் துருக்கி தேவை என்பதால் பிரித்தானிய அரசு செய்திகளைச் சிறிதாக்கிக் காட்டப் பார்த்தது. எங்களுக்கு இந்தக் கதை நன்றாகப் பழக்கமானது. நடந்தது என்ன என்பதைவிட, யார் யாருடைய கூட்டாளி என்பதே பெரிதாகிவிடும். அதுவரை அரசியல் பேசாத 42 வயது வணிகர் மொரிஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், கூட்டங்களுக்குப் போனார், அதற்கென உருவான சங்கத்தின் பொருளாளரானார். அங்கே அவர் கண்டது ஒன்றுண்டு. மேல்தட்டு அரசியல்வாதிகள் காற்றடித்த பக்கம் சாய்ந்தார்கள். உறுதியாக நின்றவர்கள் தொழிலாளர்களே. சோசலிசத்தை நோக்கிய அவருடைய நடை அங்கேதான் தொடங்கியது.

1877இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கத்தைத் தொடங்கினார். புதுப்பிக்கிறோம் என்று சொல்லிப் பழைய கல்லைச் சுரண்டி, போலிப் பழமையை ஒட்டவைக்க வேண்டாம், ஒழுகும் இடத்தை அடைத்துக் கட்டடத்தை அதன் வயதோடு நிற்கவிடுங்கள் என்பதே அதன் கொள்கை. 1883இல் ஜனநாயகக் கூட்டமைப்பில் சேர்ந்தார். மார்க்ஸின் மூலதனத்தைப் பிரெஞ்சு மொழியில் படித்தார். அடுத்த ஆண்டு முடிவில் சோசலிசக் கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அரண்மனைக்கு அலங்காரம் செய்தவர் தெருமூலையில் நின்று பத்திரிகை விற்றார். 1887 நவம்பர் 13இல் ட்ரபல்கர் சதுக்கத்துக்கு ஊர்வலமாகப் போன மக்களைப் பொலிஸாரும் படையினரும் அடித்து நொறுக்கினார்கள். மொரிஸ் அந்த ஊர்வலத்தில் இருந்தார். அடுத்த வாரம் அதே சதுக்கத்தருகே பொலிஸ் குதிரையால் காயமடைந்து பின்னர் இறந்த அல்பிரட் லினல் என்ற எளிய எழுதுவினைஞரின் சவ ஊர்வலத்துக்காக ஒரு பாடலை எழுதிக்கொடுத்தார். அதை அச்சிட்டு விற்ற காசு லினலின் பிள்ளைகளுக்குப் போனது.

இங்கேதான் அவருடைய வாழ்க்கையின் முடிச்சு இருக்கிறது. நல்ல சாயம், நல்ல நெசவு, தொழிலாளிக்கு நியாயமான கூலி, அவசரமில்லாத வேலை. இவை எல்லாம் சேர்ந்தால் துணியின் விலை ஏறும். விலை ஏறினால் வாங்குவது செல்வந்தர் மட்டுமே. ஒரு பெரும் பணக்காரரின் வீட்டில் அலங்கார வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, பணக்காரரின் ஆடம்பரத்துக்குச் சேவகம் செய்தே தன் காலம் கழிகிறதே என்று அவர் கோபத்தில் பொரிந்ததாகச் சொல்வார்கள். மேற்றன் அபியில் வெளிச்சமும் தோட்டமும் வழமையைவிட நல்ல கூலியும் இருந்தன. ஆனாலும் இலாபத்தில் பங்கு ஒரு சிலருக்கே கிடைத்தது. ஒரு பட்டறையை மாற்றி நாட்டை மாற்ற முடியாது என்பது அவருடைய பதில். அது நியாயமா, சாக்கா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு இரண்டும் கலந்ததாகவே படுகிறது.

அழகான துணி ஏழைக்கு எதற்கு என்ற கேள்வியை மொரிஸ் ஏற்றுக்கொண்டதில்லை. நானும் ஏற்கமாட்டேன். 2009இன் முதல் மாதங்களில் வன்னியில் மண்மூட்டைக்குச் சாக்கு இல்லாமல் போனபோது, பெட்டிகளில் இருந்த சேலைகளை வெட்டித் தைத்தோம். பட்டுச் சேலைகளும் போயின, கூறைகளும் போயின. சரிகைக் கரையோடு பங்கர் வாசலில் மண்மூட்டை அடுக்கியிருந்ததைப் பார்த்தவர்கள் எங்களில் நிறையப் பேர். பிறகு முகாமில், தறப்பாள் கொட்டிலுக்குள் போனதும் பெண்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, மிஞ்சிய ஒரு சேலையைக் குறுக்கே கட்டியது. மறைப்புக்காகத்தான். ஆனால் கையில் இரண்டு இருந்தால் பூப்போட்டதையே தேர்ந்து கட்டினார்கள். பசியோடு வரிசையில் நின்ற சனமும் பூவைத் தேர்ந்தது. மனிதருக்கு அழகு சோற்றுக்குப் பிறகு வரும் ஆடம்பரம் என்று எழுதுகிறவர்களுக்கு அந்தக் கொட்டில்களைக் காட்டியிருக்க வேண்டும்.

மொரிஸின் கடைசி ஆண்டுகள் புத்தகத்தில் கழிந்தன. 1891இல் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தைத் தொடங்கி, எழுத்துருவைத் தானே வரைந்து, கையச்சில் நூல்களை அச்சிட்டார். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சோசரின் படைப்புகளைப் பேர்ன்-ஜோன்ஸின் 87 படங்களோடு 1896இல் முடித்தார். கடதாசியில் 425 பிரதிகள் மாத்திரம். அதே ஆண்டு ஒக்ரோபர் 3இல், 62 வயதில் இறந்தார். பத்துப் பேரின் வேலையைத் தனியொருவராகச் செய்ததே அவருடைய நோய் என்று மருத்துவர் ஒருவர் கூறியதாகச் சொல்லப்படுகிறது. பூவரசு மரமோ பளிங்கோ இல்லாத எளிய சவ ஊர்வலம். வில்லோ இலைகள் சுற்றிய கமக்கார வண்டியில் பெட்டியை ஏற்றி, மழைக்குள் கெல்ம்ஸ்கொட் தேவாலயத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல்லை வரைந்தவர் செவ்வீட்டைக் கட்டிய அதே வெப்.

அந்தச் சோசர் நூலை அச்சிட்ட பொறியின் கதை எங்கள் தீவுக்கும் வருகிறது. கொழும்பில் வாழ்ந்த தமிழரான சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி 1877இல் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். நிலவியலாளராக இலங்கைக்கு வந்து, கனிமம் தேடி ஊர் ஊராகத் திரிந்தபோது, குடியேற்ற ஆட்சியில் கைவினைஞர்கள் அழிந்துகொண்டிருப்பதைக் கண்டார். மொரிஸின் எழுத்துகள் அவருக்கு வழிகாட்டின. இங்கிலாந்து திரும்பி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தன் பெருநூலை, மொரிஸ் பயன்படுத்திய அதே கையச்சுப் பொறியில் 1908இல் அச்சிட்டு முடித்தார். அவருடைய முதல் மனைவி எதெல் இலங்கையில் அவரோடு இருந்து கைவினைகளைக் கவனித்தவர். பின்னர் இங்கிலாந்தில் கைநெசவையும் தாவரச் சாயத்தையும் மீட்டெடுத்த முன்னோடிகளில் ஒருவரானார். வடக்கு, கிழக்கின் கைவினைகளுக்கும் அந்த அளவு விரிவான ஒரு நூல் அன்றே வாய்த்திருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. சாயவேர் தோண்டியவர்களின் கைப்பக்குவத்தை யாராவது அப்படி எழுதி வைத்திருந்தால் நல்லது.

மொரிஸின் நிறுவனம் 1940இல் மூடப்பட்டது. சுவர்க்கடதாசிக்கான மர அச்சுகள் சன்டர்சன் என்ற வேறு நிறுவனத்துக்குப் போயின. அவருடைய கோலங்களுக்கு இன்று காப்புரிமை இல்லை. எந்த நாட்டிலும் எவரும் இயந்திரத்தில் அடித்து விற்கலாம். ஆகவே ஸ்ரோபெரித் திருடன் கடைசியில் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் ஆசைப்பட்டதில் பாதி நடந்திருக்கிறது. செய்கிறவர் சந்தோசமாகச் செய்ய வேண்டும் என்ற மற்றப் பாதி நடக்கவில்லை.

அந்த மற்றப் பாதிதான் எங்களுக்கு வேண்டியது என்று நினைக்கிறேன். போருக்குப் பிறகு வாழ்வாதாரம் என்ற பெயரில் எங்கள் பெண்களுக்கு எத்தனையோ தையல் மெஷின்கள் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி என்று கேட்டார்கள். என்ன தைக்க ஆசை, என்ன கோலம் மனதில் இருக்கிறது என்று கேட்டவர் குறைவு. மருதமுனையிலும் மட்டக்களப்பிலும் தறி இன்னும் சத்தம் போடுகிறது. அந்த நெசவாளரிடம் ஒரு சேலையையோ யன்னல் சீலையையோ வாங்கும்போது விலையை மட்டும் கேட்காமல், நெய்ய எத்தனை நாள் சென்றது, கையில் எவ்வளவு மிஞ்சும், பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவார்களா என்றும் கேளுங்கள். மொரிஸ் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பார். கேட்டுவிட்டு, தறியில் ஏறி உட்காரவும் இடம் கேட்டிருப்பார்.